அவள் பெயர் போட்ட கார்டு

பாங்கிலிருந்து கிரெடிட் கார்டு வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உறையைக் கிழித்து, காகிதத்தில் ஒட்டியிருந்த கார்டைப் பிய்த்தெடுத்து, மேடாக எழும்பியிருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் உள்ள அதே முழுப்பெயர். கல்யாணம் முடிந்து இந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து அவள் பெயர் போட்டு ஒரு துண்டுக் காகிதம்கூட வீட்டுக்கு வந்ததில்லை. வாடகை, கரண்டு பில், கீழே இருக்கிற தபால்பெட்டி எல்லாமே கணவன் பெயரில்தான்.

"என் கார்டுக்கு இது ஒரு கிளை மாதிரி. மரம் என்கிட்ட இருக்கு. நீ பாட்டுக்கு வேணுங்கறத வாங்கு," என்றான் கணவன்.

மரத்தைப் பிடித்திருப்பவனுக்கு எந்தக் கிளை அசைந்தாலும் தெரியும் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல்முதலாக ஒரு சோப்பும் சீப்பும் வாங்கினாள். கடைக்காரி நீட்டிய மெஷினில் கார்டை வைத்தாள். பீப் என்றது. காசு எண்ணாமல், சில்லறைக்குக் கை நீட்டாமல், ராணி மாதிரி பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டவில்லை, போன் அடித்தது.

"கடைக்கா போன?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு மெசேஜ் வந்திடும். எந்தக் கட, எவ்வளவு, எல்லாம். நல்லாருக்குல்ல?"

நன்றாகத்தான் இருந்தது. தூரத்தில் வேலையில் இருக்கிற மனிதன் தன்னை நினைத்துக் கூப்பிடுகிறான் என்று அன்றைக்கு முழுக்க அவள் மனசு குளிர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம் பேக்கரியில் ஒரு டீ குடித்தாள். குடித்து முடிக்குமுன் போன். "பேக்கரிக்கு யாரோட போன?" அதற்கடுத்து மருந்துக்கடை. "தலவலியா? எங்கிட்ட ஏன் சொல்லல?" பிறகு பஸ். "அந்தப் பக்கம் உனக்கு என்ன வேல?" கையில் காசு கொஞ்சம் கொடுங்கள் என்றால், "இந்த ஊர்ல யாரு காச வெச்சுக்கிட்டு அலையறா, பட்டிக்காடு!" என்று சிரிப்பான்.

நல்லவன் என்றுதான் யாரும் சொல்வார்கள். குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் மெக்கானிக். "ஊர்ல லிஃப்டுல மாட்டினவங்கள எல்லாம் ஓடி ஓடி வெளிய எடுக்கறாரு உன் வீட்டுக்காரரு. உன்ன மட்டும் மாடியிலயே நிறுத்தி வெச்சிருக்காரு பாரு!" என்பாள் தையல் அக்கா.

தையல் அக்கா அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், துணிகளைப் பிடித்தும் நீட்டியும் தைத்துக் கொடுக்கிற கடையில் வேலை செய்பவள். கூலி அன்றன்றைக்குக் கையில். ஒருநாள் மெஷின் ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்த இவள், கூட்டத்தை விலக்கி, ஊசியை எடுத்து, கட்டுப் போட்ட அழகைப் பார்த்துவிட்டு, "நீ சும்மா ஆளு இல்லையே!" என்றாள் அக்கா. இல்லைதான். ஊரில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். அங்கே பிள்ளை பெற்றவளிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் அவள் சிஸ்டர். அன்றிலிருந்து தையல் அக்காவுக்கும் அவள் சிஸ்டர் ஆனாள். இந்த ஊரில் அவளை அப்படிக் கூப்பிட வேறு வாய் கிடையாது.

பெண் பார்க்க வந்தபோது, "அங்க நர்ஸுன்னா கொத்திக்கிட்டுப் போவாங்க மாமா" என்று அவள் அப்பாவிடம் சொன்னவன்தான் இந்தக் கணவன். வந்தபின் "மொதல்ல செட்டில் ஆவோம்" என்றான். அப்புறம் "வீடு மாத்திக்கலாம்" என்றான். வீடும் மாறியது. "அடுத்த வருஷம் பாப்போம்" என்றான். அவன் வாயில் அடுத்த வருஷத்துக்கு வயசாகிக்கொண்டு போனதே தவிர, அது வந்து சேர்கிற வழியைக் காணோம்.

இங்கே நர்ஸ் வேலை பார்க்க லைசென்ஸ் பரீட்சை எழுதியாகவேண்டும். வேலையை விட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆனவர்களை அதற்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மறுபடி முதலிலிருந்து படித்து வரவேண்டும். மூன்றாவது வருஷத்தில் இருக்கிற சிஸ்டருக்கு இந்த முறை விட்டால் இல்லை.

"கட்டணம் கட்டணும்க்கா. கார்டுல கட்டினா அந்த நிமிஷமே அவருக்குத் தெரிஞ்சிடும்."

தையல் அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு யோசித்தாள். "சூப்பர் மார்க்கெட்டுல கார்டு வெச்சிருக்கவங்களுக்குத்தான தள்ளுபடி? எங்கிட்ட ஏது கார்டு! என் மளிகைய நீ உன் கார்டுல வாங்கு. நான் உனக்கு ரொக்கமா குடுத்திடறேன். எனக்குத் தள்ளுபடி, உனக்குக் காசு. அவரு போன்ல என்ன தெரியும்? மளிகைக் கடை. அவ்வளவுதான்!"

அக்கா சொன்னதைக் கேட்டு சிஸ்டர் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்படித்தான் நடந்தது. அக்காவின் அரிசி, அக்காவின் பருப்பு, அக்கா தலைக்குப் பூசுகிற சாயம்வரை எல்லாம் சிஸ்டர் கார்டில் ஏறின. ரொக்கம் ஒரு பழைய தலையணை உறைக்குள் சேர்ந்தது. கணவன் இடையிடையே புருவத்தைத் தூக்கினான்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவு மளிகையா?"

"எண்ணெய் வெல ஏறிப்போச்சுங்க."

"எண்ணெயிலயா குளிக்கற?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பணம் சேர்ந்ததும், விண்ணப்பம் முடிகிறதற்கு முந்தின நாள், காசை ஒரு கவரில் போட்டுக்கொண்டு பரீட்சை ஆபீசுக்குப் போனாள். காசு கட்டணத்துக்கே சரி, பஸ்ஸில் கார்டு காட்டினால் தெரிந்துவிடும் என்று நடந்தே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கவரைப் பார்த்து, தொடக்கூட இல்லை. ரொக்கம் வாங்குவதில்லை. இணையதளத்தில் கார்டில்தான் கட்டவேண்டும். யார் கார்டானாலும் ஆகாது. பரீட்சை எழுதுகிறவர் பெயரும் கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். நாளை சாயங்காலத்தோடு சரி. அடுத்தவர் வரலாம்.

வழியில் ஒரு பாங்கில் ஏறி, தனக்கென்று தனியாக ஒரு கார்டு கிடைக்குமா என்று கேட்டாள். சம்பளச் சீட்டு கேட்டார்கள். சம்பளத்துக்கு வேலை வேண்டும், வேலைக்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதவேண்டும், பரீட்சைக்குக் கார்டு வேண்டும். செக்குமாடு எவ்வளவு நடந்தாலும் ஊர் போய்ச் சேர்வதில்லை. அவள் பெயர் போட்ட கார்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் பணம் கட்ட வேண்டுமென்றால் பாங்கு ஒரு ரகசிய எண் அனுப்பும். அந்த எண் போகிற போன் கணவன் சட்டைப்பையில்.

"என்னாலதான இப்படி ஆச்சு! கடலுக்கு நடுவுல உக்காந்து உப்ப சேத்திருக்கோம் ரெண்டு பேரும்," என்று விஷயத்தைக் கேட்ட தையல் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பேசாம கேட்டுடு சிஸ்டர். மறைச்சு ஆகாதது கேட்டா ஆகுதான்னு பாரு."

மறுநாள் விடுமுறை. கணவன் டீயும் கையுமாக மேஜையில் உட்கார்ந்திருந்தான். சிஸ்டர் எதிரில் உட்கார்ந்து, காசுக் கவரை மேஜைமேல் வைத்தாள். தன் போனில் எல்லாவற்றையும் நிரப்பி முடித்து, பொத்தானை அழுத்தினாள்.

"ஏங்க, உங்களுக்கு ஒரு நம்பர் வரும். சொல்லுங்க."

அவன் போன் டிங் என்றது. எடுத்துப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"நர்ஸ் பரீட்சையா? யாரக் கேட்டு?"

"உங்களத்தான். வந்ததிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அடுத்த வருஷம் பாப்போம்னேன்ல?"

"அடுத்த வருஷம் என்னைச் சேத்துக்க மாட்டாங்க. உங்க பில்லுல ஏற வேணாம்னுதான் காசா வெச்சிருக்கேன். இந்தாங்க."

கவரைத் திறந்து பார்த்தவன், "இது ஏது?" என்றான்.

ஒளிக்க இனி ஒன்றுமில்லை. சொன்னாள். அவன் கத்தவில்லை. லிஃப்டில் எங்கே பழுது என்று கண்டுபிடித்துவிட்டவன்போல மெதுவாகத் தலையாட்டினான்.

"ஓஹோ. என் கார்டுல ஊருக்கெல்லாம் மளிக வாங்கிப் போட்டிருக்க. எங்கிட்ட எண்ணெய் வெல, பருப்பு வெலன்னு கத. நான் என்ன இளிச்சவாயனா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. அதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. மீண்டும் அனுப்பு என்று இருந்த இடத்தை அழுத்தினாள். டிங். அவன் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு டீயை உறிஞ்சினான். அந்த எண்ணும் செத்தது.

அவள் திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. பிரசவ வார்டில் கதறுகிற பெண்களிடம் பேசிப் பழகிய அதே நிதானக் குரலில் அதை அவனுக்கு வாசித்துக் காட்டினாள். இன்னொரு தடவை தவறினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். நேரில் பாங்குக்குப் போய்த்தான் திறக்கவேண்டும்.

"உன் கார்டுதான மொடங்கும்? மொடங்கட்டும்."

"கணக்குன்னு போட்டிருக்கு. கிளையும் மரமும் சேந்துதான்."

அவன் டீயைக் கீழே வைத்தான். "வெளையாடாத. காலையில வண்டிக்குப் பெட்ரோல் போட்டாகணும், பங்க்குல கார்டு மட்டுந்தான். பாங்கு நாளைக்கும் லீவு."

"தெரியும்."

"போன வை."

"ஒண்ணு நம்பர சொல்லுங்க. இல்ல, ரெண்டு பேரும் இங்கயே உக்காந்திருப்போம்."

அழுத்தினாள். டிங்.

அவன் அவளையே பார்த்தான். திரையில் விநாடிகள் ஓடின. கடைசியில் போனைத் திருப்பி எடுத்து, ஒவ்வொரு எண்ணாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி, பிச்சைக்காரன் தட்டில் சில்லறை போடுகிறவன் மாதிரி சொன்னான். அவள் தட்டினாள். வட்டம் சுற்றியது. பணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, தேர்வு எண் இது, இடம் இது என்று வந்தது. பக்கத்து மாநகரம். பஸ்ஸில் அரைநாள் பயணம்.

அவள் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தபோது, கணவன் கவரிலிருந்த நோட்டுகளை மேஜையில் தட்டி ஒழுங்காக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"இது கார்டு பில்லுக்கு. நீ சொன்னதுதான?"

"சொன்னேன். பரீட்சைக்கு வெளியூர் போகணும். பஸ்ஸுக்கு மட்டும் அதுலேருந்து கொஞ்சம் குடுங்க."

"பஸ்ஸுக்கு எதுக்குக் காசு?" என்று அவன் போனைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். "அதான் கார்டு இருக்குல்ல."