கிளப் சாமான்

தன்னை வேறு அணிக்குத் தள்ளிவிட்ட செய்தியை லோரன் பெனர் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டான், வாயில் முட்டையோடு. சாஸ்கடூன் ஐஸ் ஹாக்கி அணிக்காகப் பதினோரு வருடம் அடி வாங்கியவன். போன வாரம்தான் முதலாளி விட்காம் கேமராக்களுக்கு முன்னால் அவன் தோளில் கைபோட்டு, "இவன் என் புள்ள மாதிரி" என்று இளித்திருந்தார்.

பெனர் நேராக அவர் அறைக்குப் போனான். ஜென்மத்தில் ஸ்கேட் மாட்டியறியாத அந்த மனிதர் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மனசுல வச்சுக்காதப்பா. ஃபீனிக்ஸ் டீம்காரன் உனக்குப் பதிலா சின்ன வயசு கோல்கீப்பர் ஒருத்தனத் தர்றான். அங்க வெயில் அடிக்கும், அனுபவி. போறப்ப கிளப் சாமான் ஒண்ணு விடாம ஒப்படைச்சிட்டுப் போ. ஜெர்சி, ஹெல்மெட், கார் பாஸ், எல்லாம்."

பெனர் கார் பாஸை மேசையில் வைத்தான். பிறகு வாய்க்குள் விரலை விட்டான். போன வருட இறுதி ஆட்டத்தில் இந்த ஆளுக்குக் கோப்பை வாங்கித் தரப்போய் அவன் பறிகொடுத்த மூன்று முன்பற்களுக்குப் பதிலாக, கிளப் டாக்டர் கட்டிக்கொடுத்த பல்செட். அதைக் கழற்றி அவருடைய காபிக்குள் போட்டான்.

"இதுவும் கிளப் சாமான்தான் சார்," என்றான் பொக்கைவாயால். "அடுத்து வர்ற புள்ளைக்கு மாட்டி விடுங்க."