ஹாப் பறிக்க வந்தவள்

கிளெமின் தாடையில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு முரியல் ரேசரை வெந்நீரில் முக்கினாள். முகம் சுருங்கி எலும்போடு ஒட்டிப்போயிருந்ததால் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துத்தான் மழிக்க வேண்டியிருந்தது.

"மீசையை எடுத்துடாதே," என்றான் கண்ணைத் திறக்காமல்.

"எங்கேடா இருக்கு மீசை? தூசுன்னு நெனச்சு தொடைக்க இருந்தேன்."

அவன் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. அவன் சிரிப்பு இப்போது அவ்வளவுதான்.

காலையில் வந்த நர்ஸ் பெவர்லி வலிக்கான மருந்தை மாற்றிவிட்டு, முரியலைக் கூடத்துக்குத் தனியாக அழைத்துப் போயிருந்தாள். "இன்னைக்கோ நாளைக்கோதான், கண்ணு. பக்கத்துலயே இருங்க. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, காது கடைசி வரைக்கும் கேக்கும்." முரியல் தலையாட்டினாள். புருஷன் போனபின் இந்த வீட்டுக்கே திரும்பி வந்து, தம்பியோடு ஒரே கூரையின் கீழ் இருந்த வருஷங்களில் அவர்கள் பேசிக்கொண்டது கொஞ்சம். கெட்டில் கொதிக்குது, கதவைச் சாத்து, மழை வருது. அதற்கு மேல் என்ன பேச?

கிளெம் பேசியதெல்லாம் செத்தவர்களோடு. ஆப்பிள் மது ஆலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு வாளி, ஒரு மெல்லிய பிரஷ், ரொட்டிக்குள் சீஸ். சைக்கிளில் கிளம்பி சுற்றுவட்டாரக் கல்லறைத் தோட்டங்களில் எல்லாம் பாசி சுரண்டி ப்ராபர்ட் என்ற தங்கள் குடும்பப் பேரைத் தேடுவான். ஜோசையா ப்ராபர்ட் ஆட்டு ரோமம் கத்தரித்தவர், அவர் மனைவி கெஸியா ஆற்று வெள்ளத்தில் போனவள், அவர்களுக்கும் முந்தி ஒரு ஊமை வண்டிக்காரன். ராத்திரிச் சாப்பாட்டில் அவர்களைப் பற்றி, நேற்று வந்து போன விருந்தாளிகளைப்போலச் சொல்லுவான். "உயிரோட ஒருத்தி எதிர்ல உக்காந்திருக்கேன், உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு," என்பாள் முரியல்.

கடைசி நுரையைத் துண்டால் துடைத்தாள்.

"முரியல்."

"ம்."

"அன்னைக்கு மழையா?"

"என்னைக்கு?"

"என்னைக் கொண்டுவந்த அன்னைக்கு."

துண்டு கையிலேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே, பீருக்குக் கசப்பேற்றும் ஹாப் பூக்கொடிகள் நின்ற மேட்டில் யாரோ டிராக்டரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"யார் சொன்னது உனக்கு?"

"பள்ளிக்கூடத்துல பசங்க கத்துவானுங்க. ஹாப்போட சேத்துப் பறிச்ச பயன்னு. மொதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சுபோச்சு."

"இத்தனை வருஷம் ஏன்டா கேக்கல?"

"நீ டீ போட்டுக் குடுத்துட்டிருந்தே."

முரியல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்த அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கல்லுக்கு அடியில் போய்விட்டார்கள். அந்த நாளைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான் மிச்சம்.

"மழை இல்ல," என்றாள். "நல்ல வெயில். போர்க்காலம், ஹாப் அறுவடை முடிஞ்ச வாரம். டட்லி டவுன் பக்கத்துலேருந்து பறிக்க வந்தவங்க எல்லாம் மூட்டை கட்டிட்டிருந்தாங்க. அவ கொல்லைக் கதவுப் பக்கம் வந்தா. உன்னை ஒரு சட்டையில சுத்தியிருந்தா, ஆம்பளைச் சட்டை. அம்மாவுக்கு அந்த வசந்தத்துலதான் ஒண்ணு பொறந்து செத்திருந்துச்சு. அது அவளுக்கு எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாது."

"அழுதாளா?"

"இல்ல. அம்மாதான் அழுதா. ஒரு ரொட்டியைத் துணியில கட்டிக் குடுத்தா. வந்தவ வாங்கிக்கிட்டா. கையைத் தேச்சுத் தேச்சுக் கழுவியிருந்தா, ஆனா ஹாப் கறை போகுமா? விரலெல்லாம் கருப்பு." முரியல் துண்டை மடித்தாள். "போறதுக்கு முன்னாடி என்னைப் பாத்தா. என் பூட்ஸ் கயிறு அவுந்து கிடந்தது. குனிஞ்சு கட்டிவிட்டா. ரெட்டை முடிச்சு. அப்புறம் நேரா ஸ்டேஷன் பாதையில நடந்து போயிட்டா, திரும்பிப் பாக்கல."

கிளெம் கண்ணைத் திறந்தான். "பாக்க என்னை மாதிரியா?"

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்த முகம், அதில் இன்னொருத்தியைத் தேடிப் பார்த்தது அன்றுதான்.

"முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருந்துச்சு."

"என் பல்லெல்லாம் டம்ளர்ல கிடக்கு," என்றான். சிரிக்கப் போய் இருமினான். அவள் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தாள்.

மூச்சு அடங்கியதும் கேட்டான். "பேரு?"

இதுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். ஏடா, ஃப்ளோரி, நான்சி. அந்தக் காலத்து டட்லிப் பெண்களுக்கு எந்தப் பேரும் பொருந்தும். நாக்கு நுனிவரை ஒரு பேர் வந்தும் விட்டது.

"தெரியாது, கிளெம். யாரும் கேக்கல."

அவன் மெல்லத் தலையாட்டினான்.

"அப்போ எதுக்குடா எங்க ஆளுங்களைப் போய்த் தேடினே இத்தனை காலம்?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"சேத்துக்கிட்டாங்களே. யார் எவர்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" பிறகு, "டீ போடேன்," என்றான்.

அவனால் குடிக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். அவள் போய்க் கெட்டிலை வைத்தாள். இரண்டு கோப்பை எடுத்தாள், பால் ஊற்றினாள். திரும்பி வந்தபோது அவன் முகம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. இன்னொரு மூச்சு வருமா என்று நின்று பார்த்தாள். பிறகு கோப்பைகளை மேஜையில் வைத்துவிட்டு, மழித்த கன்னத்தில் விட்டுப்போன நுரைத் துளியைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

அடுத்த நாள் பாதிரியம்மா ரோஸலின்ட் வந்தாள். ஐந்து ஊர்க் கோயில்களை ஒரே ஆளாகப் பார்ப்பவள், கிளெமைத் தெரியாது. "முந்நூறு வருஷமா இந்த மண்ணுல வேர்விட்ட குடும்பம். ப்ராபர்ட்கள்ல கடைசி ஆள்னு ஆரம்பிக்கட்டுமா?"

"கடைசி ஆள் நான்தான்," என்றாள் முரியல்.

பாதிரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சுடுங்க. நீங்க இருக்கும்போதே... வேற என்ன சொல்லலாம் அவரைப் பத்தி?"

"கல்லுல பாசி சுரண்டுவான். அதைச் சொல்லுங்க."

அடக்கத்துக்குப் பெவர்லியும், ஆலையில் கூட வேலை பார்த்த இரண்டு கிழவர்களும் வந்தார்கள். ப்ராபர்ட்களின் வரிசையில், சுவர் ஓரத்தில் இடம் கிடைத்தது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. நியூசிலாந்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி, மழைக்கோட்டில். "கல்லறையெல்லாம் காட்டுவாராமே, கிளெமென்ட் ப்ராபர்ட், அவர் இருக்காரா? என் பாட்டியோட பாட்டி இந்த ஊர்தான். கெஸியா," என்றாள் மனைவி.

"அவன் இல்லை," என்றாள் முரியல். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வாங்க, நான் வர்றேன்."

அவளுக்கும் இடம் தெரியவில்லை. மூவருமாகப் பழைய கற்களுக்கு நடுவில் குனிந்து குனிந்து தேடினார்கள். சுவர் ஓரத்தில் அந்தப் பெண் நின்றாள். மண் இறங்கினபின்தான் கல் நட முடியும் என்று சொல்லியிருந்தார்கள். வெறும் மேடாகக் கிடந்தது.

"இது யாரு?"

"என் தம்பி."

"அடடா," என்றாள் அந்தப் பெண். படிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சற்று நின்றுவிட்டு அடுத்த கல்லுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கிழக்கு மூலையிலிருந்து புருஷன் கூவினான்: "கிடைச்சுட்டா! இதோ, எழுத்து பளிச்சுனு இருக்கு!" அவள் ஈரப் புல்லில் ஓடினாள்.

மேட்டின் மேல் மண்ணோடு பெயர்த்துப் போட்டிருந்த புல்பத்தையில் ஒரு மூலை வேர்பிடிக்காமல் தூக்கிக்கொண்டிருந்தது. முரியல் அதை ஷூ நுனியால் மெதுவாக அழுத்தினாள். காலை எடுத்ததும் அது மறுபடி எழுந்தது.