காலஞ்சென்ற சாம்

இங்கிலாந்தில் நான் மூன்று வருடம் பஞ்சாலையில் மாரடித்த ஊருக்கு இப்போது வரலாறு எழுதுகிறார்களாம். முகநூலில் குழு வைத்து, பழைய படங்கள் சேர்த்து, புத்தகமும் போடப்போகிறார்கள். கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில் இருந்து அதைப் பார்க்கும் எனக்கு, எழுபத்தொரு வயதுக் கிளிபோட்டுக்கு, ஒரே ஆசை: அந்தப் புத்தகத்தில் என் பெயர் வரவேண்டும்.

1976இல் ஆலை முற்றத்தில் எடுத்த படம் ஒன்று போட்டிருந்தார்கள். பதினொரு வெள்ளைக்காரர், ஒரு நாய், நான். பதினொரு பேருக்கும் பெயர் இருந்தது. நாய்க்கும் இருந்தது, பஸ்டர். என் தலைக்கு நேரே, "காலஞ்சென்ற சாம்."

அட கோதாரி! சாம் என்பது மேற்பார்வையாளர் வைத்த பெயர். எனக்கும், என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் நீக்கிலாசுக்கும் சேர்த்து ஒன்று. தனித்தனிப் பெயர் வைக்க அந்தப் பெரிய மனிதருக்குச் சம்பளம் காணாது போலும்.

"நான் சாகேல்லை எண்டு எழுது, பிள்ளை," என்றேன் மகள் நடாஷாவிடம்.

எழுதினாள். ஐந்து நிமிடத்தில் டோறா என்றொரு கிழவி பதில் போட்டாள். சாமின் அடக்கத்துக்கு அவள் போனாளாம். நல்ல மழையாம். கோயில் நிரம்பி வெளியிலும் சனமாம். என் சாவைப்பற்றி என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"பாஸ்போட்டை ஸ்கான் பண்ணிப் போடுவம், அப்பா."

"அதில கிளிபோட் எண்டெல்லோ கிடக்கு. சாம் எண்டு எங்க கிடக்கு?"

டோறா விடவில்லை. நத்தார் இரவில் சாம் கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் பாடினால் ஊரே அழுமாம்.

நான் பாடினால் பஸ்டரும் எழும்பிப் போயிருக்கும். பாடினவன் நீக்கிலாஸ். அடுத்த மாசியில் நிமோனியா வந்து செத்தவனும் அவன்தான். அடக்கப் பூசையில் சுவாமியார் அவன் பெயரை வாசித்தார், ஒருவர் காதிலும் ஏறவில்லை. அந்தக் கிழமையே நான் லண்டனுக்கு ரயிலேறிவிட்டேன். அதோடு அவர்களுக்கு இரண்டு சாமும் ஒரே சாமாகிப் போனார்கள்.

புத்தகக்காரர் எழுதினார்: நாளை அச்சுக்குப் போகிறது, சாமின் உண்மையான பெயர் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

"ஃபைனலி! கிளிபோட் எண்டு போடுறன், அப்பா."

"நீக்கிலாஸ் எண்டு போடு."

"அப்பா, படத்தில நிக்கிறது நீங்கள்!"

"தெரியும், பிள்ளை. அவனை ஒருத்தரும் படம் எடுக்கேல்லை."