டிக்கெட் பரிசோதகரின் பதில்

நாலாவது வாரமாக இங்கிலீஷ் டீச்சர் மேசையைத் தட்டி அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஹவ் லாங் வில் யூ ஸ்டே?"

எதிரே இருந்தவர் முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். விமான நிலையத்து அதிகாரி கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிதான் வாயில் வருவேனா என்றது. கூரையைப் பார்ப்பார், சட்டைப் பையைத் தடவுவார், "டூ... டூ..." என்று மென்று விழுங்குவார்.

டீச்சர் எழுதிக் கொடுத்தாள். செல்போனில் பேசிப் பதிந்தும் கொடுத்தாள். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"என்னால முடியல சார். வேற ஆளப் பாத்துக்குங்க" என்று புத்தகத்தை மூடினாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டூ மந்த்ஸ், சார். ஐ ஆம் விசிட்டிங் மை டாட்டர். ஹியர் இஸ் மை ரிட்டர்ன் டிக்கெட்." பிசிறில்லாமல் வந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சு வச்சுக்கிட்டேவா நாலு வாரமா என் உயிர வாங்கினீங்க?"

"மொத நாளே வந்துடுச்சும்மா. ஆனா கேட்டதும் டக்குனு பதில் சொல்றவன்கிட்டதான் டிக்கெட் இருக்காது. வச்சிருக்கறவன் தடுமாறுவான், பையத் தடவுவான். முப்பது வருஷம் பாத்தவன் நான்."

கூச்சத்தோடு புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

"அந்தத் தடுமாற்றந்தான் இன்னும் சரியா வரல. இன்னொரு தடவ கேளுங்க."