ஓரம் சேராத கல்வாழை

துணி மில்லில் பூ வரைகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தாளின் வலது ஓரத்தில் ஒரு பூ பாதியில் வெட்டுப்பட்டால், மீதிப் பாதியை இடது ஓரத்தில் வரைந்தாக வேண்டும். அப்போதுதான் அச்சு அடுத்தடுத்து விழும்போது பாதியும் பாதியும் சேர்ந்து, துணி முழுக்க ஒரே தோட்டமாகத் தெரியும். மயிரிழை பிசகினாலும் அத்தனை துணியும் குப்பைக்குத்தான் போகும். இந்த வேலையை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தவளை மில்லில் 'ஸ்கேல் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். ஸ்கேல் வைக்காமலே நேர்கோடு போடுவாள் என்பதற்காக வைத்த பெயர். பேச்சுக்கும் அவள் ஸ்கேல் வைப்பாள் என்பது பழகியவர்களுக்கு மட்டும் தெரியும்.

அதே மில்லில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தவர்தான் அவள் கணவர். சாயப் பிரிவை மூடியதும் கடல் தாண்டி ஒரு மில்லில் வேலை கிடைத்துப் போனார். மூன்று வருஷ ஒப்பந்தம். அது முடியப்போகிற நேரத்தில், ஒரு சனிக்கிழமை இரவு போனில் கேட்டார்.

"இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க. வேணாம்னா நம்ம பழைய ஃபோர்மேன் வச்சிருக்கற சாயப் பட்டறையில வந்து சேந்துக்கலாம். நாளைக்கு மேனேஜருக்குப் பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டங்க."

"உனக்குன்னு ஒண்ணும் இல்லையா?"

"எனக்கென்ன? நான் நல்லாத்தான இருக்கேன்."

எவ்வளவு நன்றாக இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் போடாத அவர் சட்டைகளை மாதா மாதம் அலமாரியிலிருந்து எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி அதே அலமாரியில் வைப்பாள். குளிக்கும்போது அவர் அடிக்கிற சீட்டியை 'காது வலிக்குது' என்று சண்டை போட்டு நிறுத்திய மகராசி, இப்போது குழாயைத் திறந்துவிட்டு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தண்ணீர் விழும், சீட்டி வராது. அவளுக்கு அவர் வேண்டும், பக்கத்தில் வேண்டும், இப்போதே வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் 'உங்க இஷ்டம்'. 'வாங்க' என்று சொல்லி அவர் வந்து, பட்டறை ஒத்துவராமல் போனால் பழி தன் தலையில் விடியுமே என்ற பயம் பாதி. கட்டினவருக்கு இதுகூடவா சொல்லாமல் தெரியாது என்ற வீம்பு மீதி. எங்கிருந்து தெரியும்? சிவப்பில் எத்தனை வகை என்று கேட்டால் மனிதர் தூக்கத்தில்கூடச் சொல்வார். பெண்டாட்டி மனசு என்ன சாயத் தொட்டியா, எட்டிப் பார்த்துச் சொல்ல?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாடி வீட்டுப் பல் டாக்டர் வந்து கதவைத் தட்டினாள். ஞாயிறானால் நாலைந்து பேரைத் திரட்டிக்கொண்டு பூங்காவில் பூ வரையப் போகிறவள். வரைவது பூவா பல்லா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அதைப் பற்றி அவளுக்குத் துளி கவலையும் கிடையாது.

"அக்கா, இன்னைக்கு வந்தே ஆகணும். முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு, ராத்திரி அழுதீங்களா?"

"தூங்கல, டாக்டர். அவ்வளவுதான்."

"அப்படியே வச்சுக்குவோம். செருப்பைப் போடுங்க."

பூங்காவில் வேலி ஓரமாகக் கல்வாழை கும்பல் கும்பலாகப் பூத்திருந்தது. ஸ்கேல் அக்கா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலைக் கூராக்கி, இதழ் இதழாகக் கோடு போட்டாள். அந்தப் பூவோ நிற்கிற பூவா? காற்றில் துவண்டு ஆடியது. ஒரு இதழை வரைந்துவிட்டு நிமிர்ந்தால் வெயில் நகர்ந்திருந்தது, நிழலும் இடம் மாறியிருந்தது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. மில்லில் பூக்கள் சொன்ன பேச்சைக் கேட்கும்.

டாக்டர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"அக்கா, இந்தப் பூவோட மிச்சம் ஏன் அந்தக் கோடியில கிடக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். வலது ஓரத்தில் பாதிப் பூ வெட்டுப்பட்டிருந்தது. மீதிப் பாதியை, தனக்கே தெரியாமல், இடது ஓரத்தில் அச்சுப் பிசகாமல் வரைந்து வைத்திருந்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் பார்க்கப் பார்க்க நெஞ்சை என்னவோ செய்தது. நடுவில் அத்தனை வெள்ளைத் தாள். இந்தக் கோடியில் ஒரு பாதி, அந்தக் கோடியில் ஒரு பாதி. மில்லில் என்றால் அச்சு சேர்த்து வைக்கும். இந்தத் தாளை யார் சேர்த்து வைப்பது?

"கொடுங்க அந்தப் பென்சிலை" என்று பிடுங்கிக்கொண்டாள் டாக்டர். "வாரம் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள இம்மி பிசகாம வேலை பாக்கறேன். ஞாயித்துக்கிழமையாவது தப்பு பண்ணலன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். நீங்களும் பண்ணுங்க."

கீழே கிடந்த நீளக் குச்சி ஒன்றை எடுத்து, பல் இடுக்கைச் சுத்தம் பண்ணுகிற நூலால் அதன் நுனியில் பெரிய தூரிகையைக் கட்டினாள். பெரிய தாள் ஒன்றைப் புல்லில் விரித்து நாலு மூலையிலும் கல்லும், பக்கத்தில் வண்ணக் கிண்ணங்களும் வைத்தாள். "நின்னுக்கிட்டே போடுங்க. கோடு கூடாது. பூவைப் பாருங்க, தாளைப் பாக்காதீங்க."

"இதென்ன கூத்து, டாக்டர்? ஒட்டடை அடிக்கிற மாதிரி இருக்கு."

"அடிங்க. உள்ள வேணுங்கற அளவு சேந்திருக்கும்."

குச்சி நுனியில் தூரிகை குடிகாரனைப் போல் தள்ளாடியது. முதல் சிவப்பு எங்கோ விழுந்தது. இரண்டாவதை அடக்கப் பார்த்தாள், அது இன்னும் மோசமாக விழுந்தது. சரிதான் போ என்று விட்டுவிட்டாள். பூவையே பார்த்தபடி கையை அதன் போக்கில் விட்டாள். சிவப்பு காய்வதற்குள் பச்சையை இழுத்தாள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிப் பழுப்பாகின. மில்லில் இப்படி ஆகியிருந்தால் ஆள் வேலை போயிருக்கும். மஞ்சளை விரலால் தொட்டே வைத்தாள். கிண்ணம் கவிழ்ந்து தாளில் ஒரு சிவப்புக் குட்டை கட்டியது. துடைக்கப் போன கை பாதியில் நின்றது. தாளின் ஒரு பக்கத்தைத் தூக்கி அந்தக் குட்டையை ஓடவிட்டாள். அது தன் இஷ்டத்துக்குப் பிரிந்து ஓடி ஓரத்தைத் தாண்டிப் புல்லில் சொட்டியது.

தள்ளி நின்று பார்த்தாள். இதழ் எது, இலை எது என்று எண்ண முடியாது. ஆனால் காற்று இருந்தது, வெயில் இருந்தது, ஒரு தவிப்பு இருந்தது. வேலி ஓரத்துப் பூவுக்கு அந்தத் தவிப்பு எங்கிருந்து வரும்? அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. கண் நிறைந்தது.

சிவப்பு அப்பிய விரலோடு போனை எடுத்தாள். அங்கே ஞாயிறும் மில் ஓடும். வேலை நேரத்தில் ஒரு தடவைகூட அவள் அவரை அழைத்ததில்லை.

"என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?" அவர் குரல் பதறியது. பின்னால் யந்திரங்கள் இரைந்தன.

"ஒண்ணும் ஆகல. வந்துடுங்க."

"என்னது? சத்தமாச் சொல்லு."

"வந்துடுங்க!" பூங்காவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "நான் நல்லா இல்லைங்க. பட்டறை சரிவரலன்னா அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு நீங்க வேணும்."

 யந்திர இரைச்சலுக்கு நடுவே மெல்லச் சொன்னார்: "காலையிலயே போய் சரின்னு சொல்லிட்டேனேம்மா."

அவள் குச்சியைக் கீழே போட்டாள்.

"நீதான உங்க இஷ்டம்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"இத்தனை நாள்ல ஒரு தடவைகூட வான்னு சொல்லலியே. நான் இல்லாம உனக்குப் பழகிப்போச்சு போலன்னு..." அவர் இழுத்தார். "நானும் என்னத்துக்கு அங்க வந்து நிக்கணும்னுதான்..."

"பழகலைங்க." மில்லில் அளந்து பேசினவள் விம்மி விம்மி அழுதாள். "ஒரு நாள்கூடப் பழகல."

"அழாத. இரு. மேனேஜர் இன்னும் மேலிடத்துக்கு அனுப்பியிருக்க மாட்டார். சாப்பிடப் போறதுக்குள்ள பிடிச்சிரணும்..."

போனை அணைக்க மறந்து அப்படியே சட்டைப் பையில் போட்டுவிட்டார் போலிருந்தது. துணி உரசுகிற சத்தம் கேட்டது, அப்புறம் காலடிகள் தடதடத்தன. "ஈரத் தரைய்யா, ஓடாத! விழுந்து தொலையப் போற!" என்று யாரோ கத்தினார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஓடினார். மூச்சு இரைத்தது, அவள் காதுக்குள்ளேயே இரைத்தது. மூன்று வருஷத்தில் அவர் அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம் சார். காலையில நான் சொன்னது..."

மீதியை யந்திரம் விழுங்கிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, போனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.