மூக்கர் கடையின் பச்சை விளக்கு

என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கர்தான். எங்கள் சாப்பாட்டுக் கடையும் மூக்கர் கடைதான். பலகையில் நாங்கள் எழுதி வைத்த பெயரை இதுவரை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. பால் திரியப் போகிறதென்றால் பாலுக்கே தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். காலையில் கோழி வந்து இறங்கியதும் மூடியைத் திறந்து ஒரு முறை மோந்து பார்ப்பார். சரியில்லையென்றால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான். எங்கள் கடையில் சாப்பிட்டு வயிறு கெட்டது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெயரில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

அந்த மூக்கு என்னையும் சும்மா விடாது. சமையலை முடித்துவிட்டுக் கல்லாவுக்கு வருவார், குனிந்து என் தலையை மோப்பார். "வெங்காய மூட்டை பக்கத்துல உக்காந்து போன் பேசினியா?" என்பார். "ஆளுங்க பார்க்கறாங்க, தள்ளுங்க" என்று சிடுசிடுப்பேன். அப்படிச் சிடுசிடுப்பதற்காகவே காலையிலிருந்து காத்திருப்பேன் என்பது வேறு கதை.

குளிர்காலத்தில் அவருக்கு வந்த காய்ச்சலுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார். கல்லாவுக்கு வந்தால் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். போதாக்குறைக்குப் புதிது புதிதாக மிஷின்கள். கோழி உள்ளே வெந்ததா என்று குத்திப் பார்க்க ஓர் ஊசி. எண்ணெய் பழசாகிவிட்டதா என்று சொல்ல ஒரு கருவி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபிரிட்ஜுக்குள் வைக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா. உள்ளே குளிர் சரியாக இருந்தால் அடுப்புக்கு மேலே பச்சை விளக்கு எரியும். குளிர் குறைந்தால் சிவப்பு. கூடவே ஊரைக் கூட்டும் அலாரம்.

"உங்க மூக்கு என்ன, வாடகைக்குப் போயிருக்கா?" என்று கேட்டேன்.

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். மதியக் கூட்டத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூட வேண்டியிருக்கும். சற்று நேரம் திறந்திருந்தால் போதும், அது அலறும். அவர் அடுப்பை விட்டுவிட்டு என்னைத் தாண்டி ஓடிப் போய், டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அந்த டப்பாவுக்கு இருக்கிற மரியாதை கட்டினவளுக்கு இல்லையா? ஒரு நாள் அது கத்தத் தொடங்கியதும், எடுத்துப் பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடினேன். கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. பச்சை விளக்கு அழகாக எரிந்தது. டப்பாவைத் திருப்பி வைக்க மறந்துபோனேன்.

அன்றிரவு பார்த்தா ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிய வேண்டும்? கதவு பொருந்தாமல் விடிய விடிய வாயைப் பிளந்தபடி கிடந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் தெரியாது.

காலையில் அவர் முந்தின நாள் கோழியை வெளியே எடுத்தார். கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்த நான் அங்கேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தூக்கி எறியப் போகிறார் என்று பார்த்தேன். அவரோ தட்டை முகத்தருகே கொண்டுபோய், பழையபடி மோந்தார். பிறகு நிமிர்ந்து பச்சை விளக்கைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க!"

"ஏன்?"

"ஏனா? நாத்தம் தெரு வரைக்கும் போகுது!"

கத்தியைக் கீழே வைத்தார். மறுபடி மோந்தார், மூக்கே கோழியில் பட்டுவிட்டது. கேள்வி புரியாத பிள்ளையைப் போல என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எப்ப இருந்து?"

"காய்ச்சல் விட்டதுல இருந்து. ஒண்ணுமே தெரியல. மண்ணும் ஒண்ணுதான், கொத்தமல்லியும் ஒண்ணுதான். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மூக்கு இல்லாத மூக்கர் கடைக்கு யார் வருவா? நம்மால யாருக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு தூக்கமே இல்ல. அதான் இதெல்லாம் வாங்கினேன்." மேலே பார்த்தார். "ஆனா பச்சையாத்தானே எரியுது?"

ஐஸ் பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் அதன் மேலிருந்த பனியைச் சட்டையில் துடைத்தார்.

"பாவம், விறைச்சுப் போயிருக்கு" என்றார். "நல்லவேளை நீ இருந்தே."

கோழி மொத்தமும் குப்பைக்குப் போனது. இன்று கோழி கிடையாது என்று வெளியே எழுதி வைத்தேன். டப்பாவை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் திரும்ப வைத்தேன்.

"கெடாம காவல் காக்கறது இதோட வேலை. மோந்து பார்க்கறது என் வேலை. சமைக்கறது நீங்கதான், அதுல மாத்தமில்ல" என்றேன். பிறகு தாங்கவில்லை. "எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா? நான் உங்களுக்கு அலுத்துட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"நீ தூங்கறப்போ குனிஞ்சு மோந்து பார்த்தேன்மா. ஒண்ணும் தெரியல. நீ அங்க இல்லாத மாதிரியே இருந்துச்சு. பயந்துபோய் விட்டுட்டேன்."

அழுகை வந்தது. அடக்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தேன்.

"இப்ப மோந்து பாருங்க. என்ன வாசனைன்னு நான் சொல்றேன்."

என் தலையில் முகத்தை வைத்தார்.

"பூண்டு. நேத்து உரிச்சது, இன்னும் போகல. கொஞ்சம் சோப்பு. கொஞ்சம் அடுப்புப் புகை. பெரிசா வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"போதும்" என்றார். மூச்சை இழுத்தபடியே நின்றார்.

ரப்பர் கிழிந்த கதவு மறுபடி திறந்துகொண்டது. சிவப்பு விளக்கு எரிய, அலாரம் கத்தத் தொடங்கியது. முதல் வாடிக்கையாளர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் இந்த முறை ஓடவில்லை.