இடப்பக்கம் பதினாறு சுற்று

நடந்ததைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பதினாறு சுற்றா, பதினெட்டா என்பதுகூட நிச்சயமில்லை. பதினாறு என்றே வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் பதினாறு சுற்றினால் வால்வு திறக்கும். வலப்பக்கம் சுற்றினால் மூடும். வால்வுக்காரருக்கு உலகத்தில் சந்தேகமே இல்லாத விஷயம் அது ஒன்றுதான்.

காலை ஆறு மணிக்குப் பம்பு ஓடத் தொடங்கும். அதற்குள் ஆள் உயரச் சாவியோடு தெருத்தெருவாகப் போய் எல்லா வால்வையும் திறந்துவிடுவார். எட்டு மணிக்குப் பம்பு நின்றதும் மூடுவார். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை. அதற்குக் கிடைத்த சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்கியது.

எல்லாத் தெருவிலும் தண்ணீர் வரும், கடைசித் தெருவைத் தவிர. ஒரு காலத்தில் அது தனிக் கிராமம். நகரம் அதை விழுங்கியதும் செய்த முதல் நற்காரியம், குழாய் வரப்போகிறதென்று பொதுக்கிணற்றில் மண் கொட்டி மூடியது. குழாயும் வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. என்ஜினீயர் எழுதிய ‘நகரக் குடிநீர் வரலாறு’ அதற்கு மூன்று காரணம் சொல்கிறது: தெரு மேட்டில் இருக்கிறது, மழை குறைந்துவிட்டது, மக்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள். வராத தண்ணீரை வீணாக்குவது எப்படி என்று மட்டும் விளக்கவில்லை.

அந்தத் தெருவின் கோடி வீட்டில் இருந்தது வால்வுக்காரரின் மாமியார்.

“ஊருக்கெல்லாம் குழாயில தண்ணி விடுறீங்க மாப்பிள்ளை. எனக்கு மட்டும் கண்ணுல விடுறீங்க” என்பார், அடுத்த தெருவிலிருந்து சுமந்துவந்த குடத்தை இறக்கியபடி.

ஒருநாள் மாமியாரின் முழங்கால் வீங்கிப் படுக்க வைத்துவிட்டது. வால்வுக்காரரின் மனைவி பையில் நாலு புடவையைத் திணித்தாள்.

“அம்மா வீட்டுக் குழாயில தண்ணி வரட்டும், நான் இந்த வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் உங்க சான்றிதழைக் காய்ச்சிக் குடிங்க.”

மறுநாள் வால்வுக்காரர் எழுந்திருக்கவே இல்லை. ஊரே வறண்டு போகட்டும் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஊர் வறண்டது. ஆறரை மணிக்கு மாமியார் போன் செய்தார். பின்னால் ஏதோ கொட்டும் சத்தம்.

“மாப்பிள்ளை! குழாய் மொதல்ல இருமுச்சு, அப்புறம் துருவாத் துப்புச்சு, இப்ப சும்மா கொட்டுது! மனசு வச்சிட்டீங்க!”

“நான் ஒண்ணுமே பண்ணலையே அத்தை.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

சாவியைத் தூக்கிக்கொண்டு கடைசித் தெருவின் வால்வுக் குழிக்கு ஓடினார். இடப்பக்கம் பதினாறு சுற்றினார். குழிக்குள் இரைச்சல் அடங்கியது. வலப்பக்கம் சுற்றினார், மறுபடி இரைந்தது. கிடங்கில் கிடந்த ஏதோ பழங்காலத்து வால்வை இந்தத் தெருவுக்குப் போதுமென்று மாட்டியிருக்கிறார்கள். அது வலப்பக்கம் திறக்கிற ஜாதி. ஆக, பம்பு ஓடும்போது மூடி, பம்பு நின்றதும் திறந்து, பத்தொன்பது வருடம், ஒரு நாள்கூட லீவு போடாமல்.

விஷயத்தைக் கேட்டதும் என்ஜினீயர் தம் அறைக் கதவைச் சாத்தினார்.

“இது இன்னும் யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் வால்வுக்கும்தான் சார்.”

“அடுத்த மாசம் அந்தத் தெருவுக்குப் புதுப் பம்பு ஹவுஸ் திறப்பு விழா. புஸ்தகமும் அச்சாயிடுச்சு. இப்பப் போய்த் தண்ணி வந்தா நல்லாவா இருக்கும்? விழா முடியுறவரைக்கும் வழக்கம்போல ஒழுங்காத் திற.”

“திறக்கவா, மூடவா சார்?”

“அந்தத் தெருவுல ரெண்டும் ஒண்ணுதானேய்யா!”

மறுநாள் விடியும் வேளையில் எல்லா வால்வையும் திறந்துவிட்டு, கடைசிக் குழியருகே வெகுநேரம் நின்றார். சாவியை உள்ளே இறக்கவில்லை. மாமியார் வீட்டுக்கு நடந்தார். வாசலில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். குடம் வழிந்தும் அவள் குழாயை மூடவில்லை.

“அப்ப எங்கம்மா முழங்காலுக்குக் காரணம் மேடும் இல்ல, மழையும் இல்ல. நீங்க.”

“ஆமா.”

“ஒரே ஒரு நாள் லீவு போட்டிருக்கக் கூடாதா?”

வால்வைத் திறக்கத் தவறியதற்காக வால்வுக்காரரை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு வேறு பகுதிக்கு மாற்றினார்கள். பம்பு ஹவுஸைத் திறந்தார்கள்; இன்னும் மின் இணைப்பு வரவில்லை. மேட்டை வென்ற வரலாறு புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் தனி அத்தியாயம். என்ஜினீயர் தலைமை என்ஜினீயரானார். மனைவி இரண்டு மாதம் கழித்து வீடு திரும்பினாள். கண்ணாடிச் சட்டத்தோடு அந்தச் சான்றிதழ் இப்போது குடத்துக்கு மூடி. மாமியார் தம் மாப்பிள்ளை கொண்டுவந்த தண்ணீர் என்று தெருவெல்லாம் சொல்கிறார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.